ஷ்பீரோவின் பட்டாபட்டியும் ஒரு பயணக் கட்டுரையும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "மேடம், நீங்க இருக்கிற ஊர் ரொம்பப் பழைய கடற்கரை ஊராமே, போய்ப் பாத்துட்டு வந்த மாதிரி ஒரு பயணக் கட்டுரை குடுங்களேன்" என்றார். நான் குரோஷியாவில் இந்த ஸ்ப்ளிட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கேயே பிறந்த என் மகள் காலேஜும் முடித்துவிட்டாள். குடியிருக்கிற ஊரை எப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது? வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய், திரும்பி வரும்போது "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிக்கொண்டே வரவேண்டியதுதான். அதையும் செய்து பார்த்தேன். பாதி வழியில் மீன் மலிவாகக் கிடைத்ததால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதிய தொடக்கங்கள் இவை:

(அ) அத்ரியாட்டிக் கடலின் நீல மடியில் தலைசாய்த்து, வெண்கல் சுவர்களுக்குள் கனவு காணும்...

(இதற்கு மேல் போக எனக்கே கூச்சமாக இருந்தது. கடலுக்கு மடி ஏது?)

(ஆ) ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவர், ஆண்டது போதும் என்று பதவியை விட்டுவிட்டு, ஓய்வுகாலத்தைக் கழிக்க இங்கே ஓர் அரண்மனை கட்டினார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த அரண்மனைக்குள் ஊரே குடிபுகுந்துவிட்டது. அதன் ஒரு சந்தில், சக்கரவர்த்தியின் குளியலறை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு நேர் மேலே, என் மாடிவீட்டு ஷ்பீரோ தன் டிராயரைக்...

இங்கே வாக்கியம் நின்றுவிட்டது. காரணம் நானில்லை. ஜன்னலுக்கு வெளியே ஷ்பீரோ உண்மையிலேயே தன் டிராயரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சொட்டு "சக்கரவர்த்தி" என்ற சொல்லின் மேல் விழுந்து மை கரைந்தது. கட்டுரை அத்தோடு முடிந்தது. ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும், இல்லை வேறு யாரையாவது எழுதச் சொல்ல வேண்டும்.

2

ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கொஞ்சம் பேர்தான், பயப்படாதீர்கள்.

எங்கள் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் "நூறாயுசு" சொல்வார்கள். அகலம் அவ்வளவுதான். என் வீட்டுக்கு நேர் மேலே ஷியோர் ஷ்பீரோ. (ஷியோர் என்றால் ஐயா, ஷியோரா என்றால் அம்மா.) தீவுகளுக்குப் போகும் கப்பலில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் மாடியிலிருந்து கையை ஆட்டி, "இடப்பக்கம் ஒடி, இன்னும் ஒடி, அவ்ளோதான், நில்லு!" என்பார். சந்தின் அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிர் ஜன்னலில், ஷியோரா பெரினா. பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்தவர். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் கையால் கீரை தின்று வளர்ந்தவர்கள். மீதிப் பேர் அந்தக் கீரையைக் கைக்குட்டையில் ஒளித்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டவர்கள். யார் யார் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மீன் சந்தையில் பார்த்தால் கேட்டும்விடுவார்.

ஷ்பீரோவுக்கு மனைவி இல்லை. பெரினாவுக்குக் கணவர் இல்லை. (சில வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரிகிறது. பொறுங்கள்.)

இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடி. அந்தச் சுவரில் ஒரு கப்பி, இந்தச் சுவரில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி முடிவில்லாமல் ஓடுகிற ஒரே கயிறு. ஜன்னலில் நின்றபடி கயிற்றை இழுத்தால் துணி நடுச்சந்துக்குப் போகும், மறுபடி இழுத்தால் வீடு வந்து சேரும். இரண்டு வீட்டுக்கும் அப்பன் காலத்திலிருந்து ஒரே கயிறு. அதனால் பெரினா தன் போர்வையை இழுத்தால் ஷ்பீரோவின் பட்டாபட்டி ஊர்வலம் கிளம்பும். பட்டாபட்டி என்று நான் சும்மா சொல்லவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் வேட்டிக்குள் போடுவார்களே, முழங்கால் வரை, நீலக் கோடு போட்டது, அதன் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒன்று. கப்பல் வேலைக்குச் சேர்ந்தபோது தைத்ததாம். ரெண்டு பேர் உள்ளே போகலாம்.

இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி எத்தனையோ வருஷமாகிறது. காரணம் கேட்டால் பெரினா, "நா வெள்ளப் போர்வை காயப்போடறப்பதான் சில பேருக்கு மத்தி வறுக்கத் தோணும்" என்பார். ஷ்பீரோ, "சில பேரு வீட்டு ரேடியோ விடியறதுக்கு முன்னாடியே ஒப்பாரி வைக்கும்" என்பார். இரண்டுமே காரணமில்லை. இந்த ஊரில் அதற்கு திஷ்பெத் என்று பெயர், நம் மொழியில் வீம்பு. நம்முடைய வீம்பு கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் தணிந்துவிடும். இவர்களுடையது ஊர்ப் பெருமை. ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும், தனக்கே நஷ்டமானாலும் செய்ய வேண்டும், செய்துவிட்டு சுகமாக இருப்பதாகச் சாதிக்கவும் வேண்டும். ஒரு மழைநாளில் பெரினா தன் ஜெரேனியம் செடியைப் பார்த்து, "சில பேரு ஜன்னல சாத்தினா நல்லது, நெஞ்சுல சளி கட்டும்" என்று சொன்னார். ஷ்பீரோ ஜன்னல் கதவையே கழற்றி உள்ளே வைத்துவிட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.*

* இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி ஷ்பீரோ கேட்டார். ரெண்டு வாரம்தான் என்கிறார்.

ஆம், பெரினா பேசுவது செடியிடம், ஷ்பீரோ பேசுவது கப்பியிடம். சாடை பேசுவதில் நம் ஊர் நாத்தனார்களே இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

"கண்ணு," என்பார் பெரினா செடியிடம், "நேத்து நம்ம தலையணை உறை மீன் விருந்துக்குப் போயிட்டு வந்துச்சு, பாத்தியா?"

"ஏ கப்பி," என்பார் ஷ்பீரோ, "உனக்கு எண்ணெ போடணும்னு யாராவது சொன்னா கேக்காத. கத்து. இன்னும் நல்லா கத்து, என் ராசா."

எல்லாம் என் தலைக்கு மேலே, துணி சொட்டுகிற தண்ணீரோடு சேர்ந்து விழும்.

3

கதை என்றால் ஒரு பிரச்சினை வேண்டும். வந்தது.

பெரினா வீட்டை விற்கப் போகிறார். மகன் மியூனிக்கில் இருக்கிறான். அங்கே லிஃப்ட் இருக்கிறதாம், துணி உலர்த்த மெஷின் இருக்கிறதாம், அம்மா தனியாகப் படியேறி விழுந்துவைக்கப் போகிறாளே என்ற கவலை அவனுக்கு. டென்மார்க்கிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வருகிறார். இது சந்து முழுக்கத் தெரிந்த அன்றைக்கு, ஷ்பீரோ என் வீட்டுக்கு இறங்கி வந்து காப்பி கேட்டார்.

"போகட்டும்! நல்லதாப் போச்சு!" என்றார் வாசலிலேயே. "கொடி முழுக்க இனிமே எனக்குத்தான். கால நீட்டிப் படுக்கலாம் அதுல."

உட்கார்ந்தார். சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"மருமகளே," என்றார். சந்தில் எல்லோருக்கும் நான் மருமகள்தான். "நீ என்னமோ எழுதறியாமே, எங்களப் பத்தி?"

"ஊரப் பத்தி எழுத உக்காந்தேன். நீங்க வந்து விழுந்துட்டீங்க."

"அதுல ஒண்ணு பண்ணு. அந்தப் பொம்பளைகிட்ட யாராவது வந்து 'போவாத'ன்னு சொல்ற மாதிரி எழுது."

"யாரு வந்து சொல்றது?"

"யாராவது. ஒரு பாதிரியார். இல்ல, ஒரு பூனை."

"நீங்களே நேர்ல சொல்லுங்களேன், ஷியோர் ஷ்பீரோ."

"நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன். செத்துட்டா சுத்தமா சொல்ல மாட்டேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்குப் புரியல. நா 'போவாத'ன்னு சொன்னா, அவ அன்னிக்கே பெட்டி கட்டுவா. 'போ'ன்னு சொன்னா, 'போகச் சொல்லிட்டான்'னு கட்டுவா. எப்படிச் சொன்னாலும் பெட்டிதான்."

காப்பியைக் குடிக்காமலே மாடியேறிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயணக் கட்டுரை எழுதும்போது யாராவது அழுவார்களா? அந்தக் காப்பியை நானே குடித்தேன்.

3 (மறுபடியும்)

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். பிரச்சினை அந்த டென்மார்க்காரர்.

முதல் தடவை அவரை வில்லனாக்கினேன். தங்க மோதிரம், தொப்பை, "இந்தச் சுவரை இடி" என்று சுட்டும் விரல். நன்றாக இருந்தது. ஆனால் வந்து நின்ற ஓலுஃப் ஒல்லியாக, வைக்கோல் தொப்பியோடு, படியில் தடுக்கி விழப்போய்ப் படியிடமே மன்னிப்புக் கேட்கிற மனிதராக இருந்தார். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். இரண்டாவது தடவை அவரை ஒரு பெல்ஜியக்காரியாக மாற்றிப் பார்த்தேன். கதைக்கு ஒரு லாபமும் இல்லை. கடைசியில் இருக்கிறபடியே விட்டுவிட்டேன். அவர் செய்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவைக்கவும் எனக்குச் சாமர்த்தியம் போதாது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓலுஃபை விரட்ட ஷ்பீரோ ஒரு திட்டம் போட்டிருந்தார். காலையிலேயே கொடியில், எண்ணெய்க் கறை படிந்த கப்பல் அங்கி, கால் விரல் எட்டிப் பார்க்கும் காலுறைகள், எட்டுக் காலையும் விரித்து ஒரு பேய்க்கணவாய், நட்டநடுவில் கொடியேற்று விழாபோலப் பட்டாபட்டி. பெரினா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் செடியிடம், "கண்ண மூடிக்கோ, செல்லம்" என்றார்.

ஓலுஃப் பெரினாவின் ஜன்னலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எவ்வளவு அற்புதம்," என்றார் ஆங்கிலத்தில். நான்தான் மொழிபெயர்க்க நின்றிருந்தேன். "இதுதான் வாழ்கிற சரித்திரம். தூண்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இது எங்கே இருக்கிறது?" விரல் நீட்டிய இடத்தில் பட்டாபட்டி காற்றில் உப்பிக்கொண்டு கம்பீரமாகத் திரும்பியது.

பிறகு நிபந்தனை சொன்னார். வீடு வேண்டும். ஆனால் கொடியோடு வேண்டும். கொடி துணியோடு வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தினமும் துணி காயப்போடுவதாகவும், முக்கியமாக அந்த நீலக்கோட்டு உருப்படியை விட்டுவிடாமல் போடுவதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இல்லையென்றால் வீடு வேண்டாம்.

நான் மொழிபெயர்த்தேன். கணவாய் மட்டும் ஆடியது.

"கோட்டுப் போட்ட உருப்படியா?" என்றார் பெரினா.

"ஆமா."

"எழுதி வாங்கணுமா?"

"ஆமா."

பெரினா செடியைப் பார்த்தார். எதிர் ஜன்னலில் ஷ்பீரோவின் முகம் இருந்ததே, அதை வர்ணிக்க மாட்டேன். தன் டிராயரே தனக்கு எதிரியாகப் போய்விட்ட மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

5

(நாலாவது பகுதியில் ஊரின் மணிக்கூண்டு, அங்கிருந்து தெரியும் தீவுகள், பார்வையாளர் நேரம் முதலியவை இருந்தன. ஆசிரியருக்காக எழுதியது. ஒருத்தரும் படிக்க மாட்டீர்கள் என்று எடுத்துவிட்டேன்.)

ஷ்பீரோ கையெழுத்துப் போடவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை. மறுபடியும் என் காப்பிக்கு இறங்கி வந்தார்.

"போட்டா, வீடு வித்துரும், அவ போயிடுவா," என்றார். "போடலன்னா, 'என் வீட்ட விக்க விடாம பண்ணிட்டான் பாவி'ன்னு, வீட்ட யாருக்காவது சும்மா தூக்கிக் குடுத்துட்டாவது போயிடுவா. அவளத் தெரியாதா எனக்கு? ஸ்கூல்ல என் பக்கத்து பெஞ்சு. 'மழை வருது, ஓடு'ன்னு சொன்னேன்னு நின்னு முழுசா நனைஞ்சவ."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"தென்காத்து அடிக்குது. தென்காத்துல எவனாவது கையெழுத்துப் போடுவானா?"

அது உண்மைதான். நமக்குத் தென்காற்று என்றால் தென்றல், மல்லிகை, மொட்டை மாடி. இங்கே தென்காற்று என்றால் தலைவலி. வானம் அழுக்குத் துணி நிறத்தில் தொங்கும், கல்லெல்லாம் வேர்க்கும், புருஷன் பெண்டாட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் காற்று அடிக்கும்போது கல்யாணம் பேச மாட்டார்கள், பத்திரம் எழுத மாட்டார்கள், முடி வெட்டிக்கொள்வதுகூட யோசித்துத்தான். ஓலுஃபிடம் சொன்னேன். அவர் அதையும் சரித்திரம் என்று ரசித்து, துறைமுகத்தில் அறை எடுத்துக் காத்திருந்தார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பெரினா வந்தார். கையில் ஒரு தட்டு அத்திப்பழம். என் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததேயில்லை. சும்மா வந்ததும் இல்லை.

"அவன் உங்கிட்ட என்ன சொல்றான்?"

"யாரு?" என்றேன், தெரியாத மாதிரி.

"சரி, விடு. நீ எழுதறியே, அதுல நா எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கீங்க."

"பத்து வயசு கொறச்சுப் போடு. மத்தி சமாச்சாரத்த விட்டுடாத." ஒரு பழத்தைப் பிய்த்தார், தின்னவில்லை. "அதுல... நா கெளம்பறப்ப யாராவது எதாவது சொல்றாங்களா?"

வாசகர்களே, நான் என்ன செய்வது? கொடுத்த வாக்குறுதி ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஆள் காப்பியைக் கலக்கிய கலக்கல் கண்ணில் நிற்கிறது.

"சொல்றாங்க. 'போவாத'ன்னு."

"யாரு?"

"ஒரு பூனை."

"பூனையா?"

"பூனைதான்."

பெரினா என்னை உற்றுப் பார்த்தார். "படி, கேப்போம்."

"தமிழ்ல இருக்கு. உங்களுக்குப் புரியாது."

"புரியணும்னு கேட்டனா? படின்னுதான சொன்னேன்."

படித்தேன். பூனை வந்து ஜன்னலில் உட்காருகிறது. போகாதே என்கிறது. நீ போய்விட்டால் நான் யாரிடம் சண்டை போடுவேன் என்கிறது. (மட்டமான வரி, எனக்கே தெரியும். பூனைக்கு இதைவிட நல்ல வசனம் வைத்திருக்கலாம்.) ஒரு வார்த்தை புரியாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரினா கேட்டார்.

"இன்னொரு தடவ படி," என்றார்.

இன்னொரு தடவை படித்தேன்.

"பூனைக்கு என்னடி குரல் இவ்ளோ கரகரன்னு வச்சிருக்க?" என்றார் எழுந்துகொண்டே. "சளி கட்டின ஆளு மாதிரி."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிய்த்த பழம் மேசையிலேயே இருந்தது. நான் என்னையறியாமல் ஷ்பீரோவின் குரலில் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதுகிறவளுக்கு இதைவிட அசட்டுத்தனம் இருக்க முடியாது.

6

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன், மறைக்காமல் காட்டுகிறேன்.

ஷ்பீரோ படியிறங்கி ஓடி, பஸ் நிலையத்தில் பெரினாவின் பெட்டியைப் பிடித்து இழுக்கிறார். (அவருக்கு முழங்கால் வலி. படியிறங்கி முடிப்பதற்குள் பஸ் தலைநகர் ஸாக்ரெப்பையே தாண்டிவிடும்.)

ஓலுஃப் இருவர் மனதையும் புரிந்துகொண்டு, கண் கலங்கி, வீடு வேண்டாம் என்று போய்விடுகிறார். (நல்லவர்தான். ஆனால் நேற்று ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.)

சக்கரவர்த்தியின் ஆவி வந்து, "மொத்த அரண்மனையும் என் பேரில் இருக்கிறது, ஒருத்தரும் ஒரு செங்கலும் விற்க முடியாது" என்கிறது. (இதை எழுதும்போது தென்காற்று உச்சத்தில் இருந்தது.)

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பெரினா...

இதை என்னால் முடிக்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். வெங்காயம் ரொம்ப வசதி.

அங்கேதான் யோசனை வந்தது. அட மக்கே, என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் இந்தச் சந்தில் குடித்தனம் பண்ணிவிட்டு, அவர்கள் சேருகிற மாதிரி முடிவு தேடிக்கொண்டிருக்கிறேனே! இந்த ஊரில் நல்ல முடிவை எழுதிக் காட்டினால், அதைக் கெடுக்கவென்றே பெட்டி கட்டுவார்கள். ஆகவே திரும்ப உட்கார்ந்து, ஒரே மூச்சில், கேவலமான ஒரு முடிவை எழுதினேன்.

7

காற்று திரும்பியது. வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. ஓலுஃப் காகிதத்தோடு வந்து சந்தில் நின்றார். பெரினா தன் ஜன்னலில், ஷ்பீரோ தன் ஜன்னலில், நடுவில் கொடி, அதில் ஒரு துணியும் இல்லை. நான் என் ஜன்னலில்.

"கையெழுத்துப் போடலாமா?" என்று ஓலுஃப் மேலே பார்த்துக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

ஷ்பீரோ கப்பியைப் பார்த்தார். "ஏ கப்பி, மொதல்ல அந்தக் கத என்னாச்சுன்னு கேளு. மருமக நம்மள என்ன பண்ணி வச்சிருக்கான்னு தெரியாம நா எதுலயும் கை வைக்க மாட்டேன்."

"கண்ணு," என்றார் பெரினா செடியிடம், "நமக்கும் தெரியணும்ல?"

நான் காகிதத்தை எடுத்தேன். இந்தத் தடவை அவர்கள் மொழியிலேயே, சந்துக்கே கேட்கும்படி படித்தேன்:

"ஷ்பீரோ சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பெரினா நிம்மதியாக மியூனிக் போனார். ஷ்பீரோ ஜன்னலில் நின்று கையசைத்தார். பெரினா துணி உலர்த்தும் மெஷினோடு நெடுநாள் சுகமாக வாழ்ந்தார். சுபம்."

புறா ஒன்று கொடியில் வந்து உட்கார்ந்தது.

"நா எதுக்குக் கையசைக்கணும்?" ஷ்பீரோவின் குரல் கப்பிக்குப் போகவில்லை. நேராகச் சந்தைத் தாண்டிப் போனது. "பைத்தியமா எனக்கு, கையசைக்க?"

"அசைப்படா, நீ அசைப்ப!" என்றார் பெரினா, அவரைப் பார்த்து. செடியை அல்ல, அவரை. "கப்பல்ல கார் ஏத்தற மாதிரி ரெண்டு கையையும் அசைப்ப. 'போ, போ, இன்னும் போ'ன்னு."

"நீ மட்டும்? நிம்மதியாப் போனாளாம்! மெஷினோட வாழ்ந்தாளாம்!"

"நா எப்போடா நிம்மதியாப் போறேன்னேன்? யாரு சொன்னது? இவளா சொன்னா?"

"அப்ப ஏன் போற?"

"நீ ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா? மத்தி வறுக்கறவன்கிட்டயா?"

ஓலுஃப் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்கள்?" என்றார். சரித்திரம், என்றேன்.

"நீ போயிட்டா," என்று ஷ்பீரோ கயிற்றைப் பிடித்து ஆட்டினார், புறா பறந்துவிட்டது, "இந்தக் கொடிய அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு இழுப்பா?"

"ஒத்த ஆளே இழுக்கலாம்டா அத. கப்பி எதுக்கு இருக்கு? இத்தன வருஷமா தெரியாதா உனக்கு?"

ஷ்பீரோ கயிற்றை விடவில்லை. சந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே காப்பிக்கடையில் கோப்பைகளைக் கழுவுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"தெரியும்," என்றார். "இழுக்கலாம். எனக்குப் பிடிக்கல."

அவ்வளவுதான். பூனைக்கு நான் எழுதிய வசனத்தை அப்போதே கிழித்துப் போட்டேன்.

பெரினா ஜன்னல் சட்டத்தை முந்தானையால்... (முந்தானை ஏது அவருக்கு? பழக்க தோஷம். மேலங்கியின் ஓரத்தால்) துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தார். பிறகு ஒரு பதில் சொன்னார். நீளமான பதில் இல்லை. அதைக் கேட்டு ஷ்பீரோ என்ன செய்தார் என்பதையும் நான் பார்த்தேன். ஓலுஃபும் பார்த்தார், மொழி தெரியாமலே தொப்பியைக் கழற்றினார்.

ஆசிரியர் அவர்களே, வாசகர்களே, அந்தப் பதிலுக்காகத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பெரினா தலையைக் குனிந்து என் ஜன்னலைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மருமகளே," என்றார், "இத மட்டும் எழுதாத."

என் கை துடித்தது. இந்தத் தண்ணீரைக் குடித்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது, எழுதாதே என்றால் எழுதத்தான் தோன்றுகிறது. பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதத் தோன்றுகிறது. அதனால் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்களை யாரும் தடுக்கவில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் சந்தில் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை.